ஒண்ணும் ஆகாது சார்!

எங்கள் தெருவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. நாகமலை புதுக்கோட்டையில் இது ஒரு செய்தியே இல்லை. காளவாசல் தாண்டி, அச்சம்பத்து தாண்டி, பல்கலைக்கழகம் வரைக்கும் தேனி ரோட்டின் இரண்டு பக்கமும் வருடத்துக்கு வருடம் வீடுகள் முளைத்துக்கொண்டேதான் இருக்கின்றன. காலை எட்டு மணிக்கு செக்கானூரணி, உசிலம்பட்டி பக்கமிருந்து வரும் பஸ்களில் இறங்குகிற கூட்டத்தைப் பாருங்கள். கையில் தூக்குவாளி, சாக்குப் பையில் கரண்டி, மட்டப்பலகை. அவர்கள் கட்டுவதுதான் நாம் 'நம்ம வீடு' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வீடு.

இந்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். நல்ல மனிதர். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஆட்டோ பிடித்துக் கொடுக்க ஓடி வருவார். கட்டுமானத்தின் நெற்றியில் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கவிட்டிருக்கிறார். கோரைப்பல், முட்டைக்கண், தொங்குகிற நாக்கு. பக்கத்திலேயே பூசணிக்காய், படிகாரம், கற்றாழை. கண்திருஷ்டி உள்ளே நுழைய ஒரு இஞ்ச் இடம் கிடையாது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், அந்த பொம்மைக்கு நேர் மேலே இருந்து ஒரு கொத்தனார் கீழே விழுந்தார்.

முதல் மாடி வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. சவுக்குக் கம்பு சாரம். நிற்பதற்கு ஒற்றைப் பலகை. அந்தப் பலகையும் கம்போடு சேர்த்துக் கட்டப்படவில்லை, சும்மா வைத்திருந்தது. ஓரத்துக்கு எட்டிக் கரண்டி போட்டிருக்கிறார். மறுமுனை தூக்கிக்கொண்டது. பதினெட்டு அடி உயரம். கீழே உடைந்த செங்கல் குவியல். இடுப்பெலும்பு முறிந்து, பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தார். தலை தப்பியது கடவுள் புண்ணியம் என்று எல்லோரும் சொன்னார்கள். தலையில் இருந்தது ஒரு ஈரிழைத் துண்டு. எனவே கடவுளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். வேறு யாரும் அந்தத் தலைக்காக எதுவும் செய்திருக்கவில்லை.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த வழியாகப் போனேன். பலகை ஆடுவதைக் கண்ணால் பார்த்தேன். "மேஸ்திரி, பலகையைக் கட்டக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இருபது வருசமா இப்படித்தான் ஏறி எறங்குறோம். ஒண்ணும் ஆகாது சார்!"

நானும் சிரித்துவிட்டு நடந்துவிட்டேன்.

இந்த 'ஒண்ணும் ஆகாது சார்' பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும் என்று தோன்றியது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலின் பாதுகாப்பு விதி இந்த மூன்று வார்த்தைதான். மற்றதெல்லாம் கெஜட்டில் இருக்கிறது.

விழுந்த அன்று சாயங்காலம் டீக்கடையில் இதே பேச்சு. "நேரம் சரியில்லப்பா." "வெள்ளிக்கெழம பாத்து நடந்திருக்கு, என்னமோ தோஷம்." "பூசணிக்காய மாத்தணும்." "குடிச்சிருப்பான்." நான் விசாரித்தேன். அந்த மனிதர் குடிப்பவர் இல்லை. ஆனால் விழுந்தவன் குடிகாரனாகவோ, கவனமில்லாதவனாகவோ, விதி முடிந்தவனாகவோ இருந்துவிட்டால் நமக்கு எவ்வளவு வசதி! பலகையைப் பற்றி ஒருத்தர்கூடப் பேசவில்லை. அந்தப் பலகையைக் கட்ட இருபது ரூபாய்க் கயிறு போதும்.

அடுத்தவரைக் குறை சொல்லும் முன்னால் என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். கணக்கு எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. 2011-ல் இதே ஊரில் வீடு கட்டியபோது ஒரு நீள நோட்டில் பைசா பாக்கியில்லாமல் எழுதி வைத்தேன். கொத்தனார் விழுந்த இரவு பரணிலிருந்து அந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

வாஸ்து பார்த்தவருக்கு 3,000. பூமி பூஜை 4,750. தேக்கு தலைவாசல் 42,000. நிலை வைத்த அன்று கொத்தனார், ஆசாரிக்கு வேட்டி துண்டு 1,100. திருஷ்டி பொம்மை 150. ஒட்டடைக் குச்சி வரைக்கும் கணக்கு இருக்கிறது. என் வீட்டைக் கட்டிய மனிதர்களின் உயிரும் உடம்பும் பத்திரமாக இருப்பதற்காக நான் செலவழித்த தொகை என்ன என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ஒரே ஒரு வரி கிடைத்தது. 'டிஞ்சர், பஞ்சு, கட்டுத்துணி - ரூ.62.' சென்ட்ரிங் பலகை ஆணி ஒரு சித்தாள் அம்மாவின் காலில் ஏறிய நாள் அது. டிடி ஊசிக்குக்கூட நான் காசு கொடுத்ததாக எழுதவில்லை. எழுதவில்லை என்றால் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். என் நோட்டு பொய் சொல்லாது.

தனி வீடு கட்டும் இடத்தில் ஆட்கள் எப்படிச் சாகிறார்கள் என்பதில் புரியாத மர்மம் எதுவும் இல்லை. நாலைந்து வழிதான். எல்லாமே மேஸ்திரிக்கும் தெரியும், இன்ஜினீயருக்கும் தெரியும்.

முதல் வழி, சாரம். கயிறு வெயிலில் காய்ந்து, க்யூரிங் தண்ணீரில் நனைந்து, மறுபடி காய்ந்து இற்றுப்போயிருக்கும். போன வீட்டில் அவிழ்த்த அதே கயிறு இந்த வீட்டுக்கு வரும். இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு கம்பு கட்டினால் சாய்கிறவன் அதைப் பிடித்துக்கொள்வான். கட்ட மாட்டோம். மாடிப்படிக்கு விட்ட ஓட்டை, லிஃப்ட் குழி, மொட்டை மாடி ஓரம் எதற்கும் தடுப்பு கிடையாது.

இரண்டாவது, கரன்ட். தெருவில் போகிற மின்கம்பிக்கும் நம் மாடிக்கும் கை நீட்டும் தூரம்தான் இருக்கும். இருபதடிக் கம்பியை நிமிர்த்தித் தூக்கும்போது அது மேலே பட்டால் முடிந்தது. கீழே பார்த்தால் மிக்ஸருக்கும் கட்டிங் மெஷினுக்கும் ஒயர். அதில் பிளக் இருக்காது. ஒயரின் இரண்டு நுனியை சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சி சொருகி இறுக்கியிருப்பார்கள். சுற்றிலும் ஈரத் தரை. கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற கருவி ஒன்று இருக்கிறது. குடிவந்த பிறகு நம் பாத்ரூம் ஹீட்டருக்காக அதை மறக்காமல் மாட்டுகிறோம். கட்டும்போது மாட்டினால் என்ன?

மூன்றாவது, செப்டிக் டேங்க். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பழைய டேங்கில் விஷவாயு என்பது எல்லோருக்கும் தெரியும். 'புது டேங்கில் என்ன இருக்கப் போகிறது?' என்று நினைக்கிறோம். மூடி போட்ட கான்கிரீட் தொட்டி. உள்ளே ஈரம், தேங்கிய தண்ணீர், ஊறி மக்குகிற சென்ட்ரிங் பலகை. வாரக்கணக்கில் மூடிக்கிடந்த அந்த இருட்டில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். பலகை பிரிக்க ஒருவர் இறங்குவார். சத்தம் வராது. என்னவென்று பார்க்க இரண்டாவது ஆள் இறங்குவார். அவரைத் தூக்க மூன்றாவது ஆள். செய்தித்தாளில் இந்தச் செய்தி இரண்டு பேர், மூன்று பேர் என்றே வருவதற்குக் காரணம் இதுதான். மூடிகளைத் திறந்து வைத்து, ஃபேன் போட்டுக் காற்றோட்டம் கொடுத்து, இடுப்பில் கயிறு கட்டி இறக்கி, மேலே ஒரு ஆளை நிறுத்தினால் மூன்று குடும்பம் தப்பிக்கும்.

மதுரைக்குள்ளேயே, பழங்காநத்தம் நேரு நகரில், 2022 ஏப்ரலில் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் வேலை பார்த்த மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் இப்படித்தான் விஷவாயுவில் போனார்கள். அது தனியார் வீடுகூட இல்லை, மாநகராட்சி வேலை.

நான்காவது, மண். அதே 2022-ல், ஜூன் மாதம், நமக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் விளாங்குடியில் பாதாள சாக்கடைக் குழிக்குள் மண் சரிந்து ஈரோடு பக்கத்துத் தொழிலாளி ஒருவர் புதைந்துபோனார். ஒரு கனமீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் எடை. நெஞ்சு வரை மூடினாலே மூச்சு விட முடியாது. ஐந்தடிக்கு மேல் ஆழம் என்றால் பக்கவாட்டில் பலகை கொடுத்து முட்டுப் போட வேண்டும் என்பது கட்டுமானத்தின் அரிச்சுவடி. வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே மலையாகக் குவிக்கக் கூடாது என்பதும் அரிச்சுவடிதான்.

உடனே உயிரை எடுக்காமல் தவணை முறையில் எடுக்கிற விஷயங்களும் உண்டு. டைல்ஸும் கிரானைட்டும் அறுக்கிற பையன் முகத்தில் கைக்குட்டை மட்டும் கட்டியிருப்பான். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியே வராது. சிமென்ட் கலவையில் வெறுங்கையோடு வேலை பார்த்து விரலிடுக்கு வெந்துபோன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இன்னொரு கொடுமை. நாம் மூன்று அட்டாச்டு பாத்ரூம் வைத்துக் கட்டுகிற வீட்டில், கட்டி முடிகிற வரை அவர்கள் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அதனாலேயே மதுரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு கல் சுமக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு வந்தால் அதற்கும் விதி என்று பெயர் வைத்துவிடலாம்.

பெரிய விபத்து என்றால் நாடு கொஞ்சம் திரும்பிப் பார்க்கிறது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் செத்தபோது விசாரணைக் கமிஷன் வந்தது. பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்ததை டி.வி.யில் நேரடி ஒளிபரப்பாகப் பார்த்தோம். 2021 ஆகஸ்ட் 28 அன்று நம் நத்தம் ரோடு பறக்கும் பாலத்தின் ராட்சத கான்கிரீட் பாளம் விழுந்து உத்தரப்பிரதேசத்துத் தொழிலாளி ஒருவர் இறந்தபோது அமைச்சர்கள் வந்தார்கள், நிபுணர் குழு வந்தது. 2023-ல் பாலத்தையும் திறந்தாகிவிட்டது. ஏழு கிலோமீட்டருக்கு மேல் வழுக்கிக்கொண்டு போகிறோம். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்திலிருந்த சாரம் சரிந்து 9 புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிரதமர் இரங்கல், முதல்வர் இரங்கல், நிவாரணம்.

ஆனால் நாகமலை புதுக்கோட்டையில் ஒற்றைப் பலகையிலிருந்து ஒற்றை ஆள் விழுந்தால்? கமிஷனும் கிடையாது, கேமராவும் கிடையாது. 'சார், கேஸு கீஸுன்னு போனா உங்களுக்கும் அலைச்சல், எங்களுக்கும் அலைச்சல்' என்று மேஸ்திரி சொல்வார். விழுந்தவரின் மச்சானும் வீட்டுக்காரரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தொகை பேசுவார்கள். எங்கள் தெருவில் பேசிய தொகை 40,000. அதிலும் 15,000 'கிரகப்பிரவேசம் முடிஞ்சு'.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். கட்டுமானத் தொழிலாளர்களுக்காகவே 1996-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஹெல்மெட்டிலிருந்து கழிப்பறை, குடிநீர், குழந்தைக் காப்பகம் வரை எல்லாம் அதில் உண்டு. ஆனால் இரண்டு ஓட்டை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்தாது. சொந்தமாகக் குடியிருக்க 10 லட்சம் ரூபாய்க்குள் வீடு கட்டினாலும் பொருந்தாது.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2020-ல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்து, பழையதை விழுங்கிவிட்டது. சரி, ஓட்டையை அடைத்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? பத்துப் பேர் என்பது அப்படியே இருக்கிறது. 10 லட்சம் என்பது 50 லட்சமாகிவிட்டது!

இதன் அர்த்தத்தை எங்கள் ஊருக்குள் நடந்து பார்த்தால் புரியும். இரண்டு கொத்தனார், இரண்டு நிமிந்தாள், மூன்று சித்தாள். மொத்தம் ஏழு பேர். வீட்டின் செலவு 35, 40, 45 லட்சம். தெருவுக்குத் தெரு இப்படித்தான். அத்தனையும் சட்டத்துக்கு வெளியே. விலைவாசி ஏறியதால் வரம்பை ஏற்றினார்களாம். சிமென்ட் விலை ஏறினால் பதினெட்டு அடி உயரம் குறைந்துவிடுமா?

இந்த ஏழு பேருக்குச் சட்டம் முதலாளி இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை. மேஸ்திரி இருக்கிறார். அவரும் நேற்றுவரை அதே பலகையில் நின்றவர். ஆக மிச்சம் இருப்பது நாம்தான். வீட்டுக்காரர். வாத்தியார், பேங்க் ஊழியர், பத்திரிகைக்காரன், வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்புகிறவர். சங்கம் வைத்து நம் சம்பளத்துக்கும் பஞ்சப்படிக்கும் கோஷம் போட்ட நாம், வீடு கட்டுகிற ஒன்பது மாதம் மட்டும் எந்த விதியும் இல்லாத முதலாளியாக இருந்துவிட்டு, பால் காய்ச்சியதும் மறுபடி தொழிலாளியாகிவிடுகிறோம்.

கணக்குக்கு வருகிறேன். போன வாரம் டவுனுக்குள் ஹார்டுவேர் கடையில் விலை விசாரித்தேன். கடைக்குக் கடை முன்னே பின்னே இருக்கும். எட்டு ஹெல்மெட் 1,600. முழு உடம்புக்கும் மாட்டுகிற பெல்ட் இரண்டு, கொக்கிக் கயிறோடு 3,000. கையுறை, பூட்ஸ், தூசிக்கு மாஸ்க் 4,000. மின்கசிவுத் தடுப்புக் கருவியும் ஒழுங்கான பிளக் போர்டும் 2,500. சாரத்துக்குக் கூடுதல் பலகை, கைப்பிடிக் கம்பு, புதுக் கயிறு 6,000. முதலுதவிப் பெட்டி 900. தகரம் அடித்து ஒரு தற்காலிகக் கழிப்பறை 12,000. கூட்டினால் 30,000 ரூபாய்.

45 லட்ச ரூபாய் வீட்டில் 30,000 ரூபாய் என்றால் நூறு ரூபாய்க்கு 67 பைசா. தலைவாசல் கதவில் கஜலட்சுமி செதுக்க ஆசாரி கேட்கிற கூலிக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வேலையில் இறந்தவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் 1923-லேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்தது. அதுவும் இப்போது புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரியில் இதற்கான சம்பள உச்சவரம்பை 15,000 என்று வைத்தார்கள். 35 வயதுக்கு அந்த எண் 197.06. ஆக 7,500 பெருக்கல் 197.06. மொத்தம் 14,77,950 ரூபாய். முறையான கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்து இறந்த முப்பத்தைந்து வயதுக்காரரின் குடும்பத்துக்கு அந்தக் கணக்கில் வர வேண்டியது இவ்வளவு. டீக்கடை பெஞ்சில் இந்தப் பெருக்கல் யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் வாயைத் திறப்பதில்லை.

"நாம வாங்கிக் குடுத்தாலும் அவங்களே போட மாட்டாங்க சார்!"

இந்தக் கட்டுரைக்கு வரப்போகிற முதல் பதில் இதுதான். எனக்கு இப்போதே கேட்கிறது. பாதி உண்மை. சித்திரை வெயிலில் ஹெல்மெட் போட்டால் மண்டை கொதிக்கும். பெல்ட்டை மாட்டிக் கழற்றி மாட்டினால் வேலை தாமதமாகும். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குத் தாமதம் என்றால் நஷ்டம். நாமும் கீழே நின்று "என்ன மேஸ்திரி, இன்னும் இந்தச் செவுரு முடியலையா?" என்றுதானே கேட்கிறோம்? "பெல்ட் இருந்தாத்தான் ஏறுவேன்" என்று சொல்கிற கொத்தனாரை நாளைக்கு எந்த மேஸ்திரி கூப்பிடுவார்?

ஆனால் பாக்கிப் பாதி உண்மை என்ன தெரியுமா? உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே வேலைக்குச் சேரும் வெளிநாட்டுத் தொழிலாளி முதலில் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதித் தேற வேண்டும். ஹெல்மெட், பூட்ஸ், பெல்ட் இல்லாமல் சைட்டுக்குள் கால் வைக்க முடியாது. அங்கேயும் வெயில் கொளுத்துகிறது. நம் ஆட்கள் அங்கிருந்து அனுப்புகிற போட்டோவைப் பாருங்கள். எல்லோர் தலையிலும் மஞ்சள் ஹெல்மெட். அதே மனிதர் ஊருக்குத் திரும்பி வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு நம் வீட்டுச் சாரத்தில் ஏறுகிறார். ஆள் மாறவில்லை. கேட்பதற்கு அங்கே ஆள் இருக்கிறது; இங்கே இல்லை.

இங்கிலாந்தில் 2015 முதல் சொந்த வீடு கட்டுவதும் பழுதுபார்ப்பதும்கூட கட்டுமானப் பாதுகாப்பு விதிகளுக்குள் வந்துவிட்டன. வீட்டுக்காரரின் பொறுப்பைப் பெரும்பாலும் கான்ட்ராக்டர் சுமக்க வேண்டும். அதாவது, யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். நாம் எதிர்த்திசையில் 10 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

கொத்தனார் கதையை ஏ.சி. ரூமில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஆபீஸ் மாடிப்படியை இன்றைக்கு ஒருமுறை இறங்கிப் பாருங்கள். பழைய ஃபைல், உடைந்த நாற்காலி, கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டி எல்லாம் அங்கேதான் இருக்கும். தீ பிடித்தால் ஓட வேண்டிய வழி அது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆபீஸில் அவசர வழிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மேனேஜர் வீட்டுக்கு எடுத்துப்போவார். தீயணைப்பு சிலிண்டர் நான்கு வருடம் முன்பே காலாவதி. கேட்டதற்கு என்ன பதில் வந்தது? அதேதான். "ஒண்ணும் ஆகாது சார்!"

ஜவுளிக்கடையில் நமக்குப் புடவை விரித்துக் காட்டுகிற பெண் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருந்தாள். நாம் நாற்காலியில் உட்கார்ந்து விலை பேசினோம். அவளுக்கும் ஒரு இருக்கை கொடு என்று சொல்ல தமிழ்நாட்டில் 2021-ல் தனியாக ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் அந்த ஸ்டூல் எங்கே இருக்கிறது, அதில் அவளால் உட்கார முடிகிறதா என்று அடுத்த முறை கவனியுங்கள்.

சரி, என்னதான் செய்யலாம்? புலம்பிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

1. வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியோடும் இன்ஜினீயரோடும் போடுகிற ஒப்பந்தத்தில் சாரம், ஹெல்மெட், பெல்ட், மின்கசிவுக் கருவி, கழிப்பறை என்று தனி வரிகளாக எழுதுங்கள். அதற்கான பணத்தைத் தனியாகக் கொடுங்கள். கூலிக்குள் அடக்கச் சொன்னால் அது கூலியைத்தான் தின்னும்.

2. வேலையாட்களுக்கான விபத்து இன்சூரன்ஸ் பாலிசியைப் பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனிகளே தருகின்றன. வேலை தொடங்கும் முன்பே எடுங்கள். கான்ட்ராக்டர் எடுத்திருக்கிறேன் என்றால் காப்பியைக் கேட்டு வாங்குங்கள்.

3. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994-லிருந்து இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களிடம் வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாதவருக்குப் பதிவு செய்ய ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நம் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் காலேஜ் அப்ளிகேஷன் போடத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை இல்லை.

4. வங்கிகளுக்கு: வீட்டுக்கடன் கொடுக்கும்போது வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடு என்கிறீர்கள், கடன் வாங்கியவன் உயிருக்கும் எடு என்கிறீர்கள். அஸ்திவாரம், லிண்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாக ஆள் அனுப்பிப் பார்த்துத்தான் பணம் விடுகிறீர்கள். அந்த ஆள் சாரத்தையும் ஒரு பார்வை பார்க்கட்டும். கைப்பிடி இல்லாத சாரத்துக்கு அடுத்த தவணை கிடையாது என்று ஒரு வரி சேர்த்தால், எந்த இன்ஸ்பெக்டராலும் முடியாதது ஒரே மாதத்தில் நடக்கும்.

5. மாநில அரசுக்கு: 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் உடனடி அனுமதி தருகிறீர்கள். வரவேற்கிறேன். அதே படிவத்தில் தொழிலாளர் பாதுகாப்புக்கும் ஒரு சுயசான்று வாங்குங்கள். பொய்ச் சான்று கொடுத்தவர் வீட்டுக்கு மின் இணைப்பு தாமதமாகும் என்று சொல்லுங்கள். மத்தியத் தொகுப்பு 50 லட்சம் என்று வாசலைத் திறந்துவைத்தால், நாமாவது ஒரு தாழ்ப்பாள் போடலாமே!

இதில் எதுவும் நடக்கவில்லை என்றாலும் ஒன்றை நாளைக் காலையே செய்யலாம். உங்கள் தெருவில் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். பலகை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டவில்லை என்றால் கேளுங்கள். "ஒண்ணும் ஆகாது சார்" என்று சிரிப்பார்கள். நான் செய்ததுபோல நீங்களும் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். கட்டி முடிக்கிற வரை அங்கேயே நில்லுங்கள்.

எங்கள் தெரு வீட்டுக்குத் தை மாதம் கிரகப்பிரவேசம். பத்திரிகை வந்துவிட்டது. வழக்கம்போல கொத்தனாருக்கு வேட்டி, துண்டு எடுத்து வைத்திருக்கிறார்களாம். "அவனையும் கூப்பிட்டிருக்கேன் தம்பி, பாவம்" என்றார் வீட்டுக்காரர். வாசலுக்கு ஏற ஐந்து படி இருக்கிறது. கைத்தடியோடு அவரால் ஏற முடியுமா என்று கேட்டேன். அவருக்கு அது தோன்றியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "பாக்கிப் பணத்த இன்னைக்கே குடுத்துர்றேன். அந்த இன்சூரன்ஸ் விவரத்தையும் எழுதிக் குடுங்க தம்பி, என் தம்பி மகன் அடுத்த மாசம் பூமி பூஜை போடுறான்" என்றார்.

எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் வரியில், பலகை கட்டுகிற கயிறு.